வசுமதியின் காருக்கு இன்னும் ஐந்து மாதம்

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நாளன்றும் மாலை ஐந்து மணிவரை வசுமதி கவுண்டரை விட்டு எழவில்லை. மாலை, சால்வை, சமோசா சகிதம் மூன்று மணியிலிருந்தே மேலாளர் காத்திருந்தார். "இருக்கட்டும், டயம் ஆகலையே" என்றுவிட்டார் வசுமதி. அப்படிப்பட்டவரிடம் போய், சட்டப்படி இன்னும் ஐந்து மாதம் ஓடலாம் என்றிருக்கும் காரை இன்றைக்கே பழைய இரும்புக்குப் போடு என்று பெற்ற பிள்ளை சொல்லலாமா?

டெல்லியில் பெட்ரோல் காருக்கு ஆயுள் பதினைந்து ஆண்டு. வசுமதியின் வெள்ளைக் காருக்குப் பதினான்கு வருடம் ஏழு மாதம். ஜனவரி மூடுபனியில் அதன் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டன. குர்காவ்னில் வேலை பார்க்கும் மகன் ஜெயந்த் மறுநாள் காலையே ஒரு கிரேனோடு வந்துவிட்டான். ஜனக்புரியில் வீட்டுச் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு அது உறுமியது.

"அம்மா, இந்த ஃபாக்ல லைட் இல்லாம ஓட்டுவியா? பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு?"

"எரியலேன்னா எடுத்துண்டு போ. எரிஞ்சா அஞ்சு மாசம் நீ வாயைத் திறக்கப்படாது."

"எவ்ளோ நேரம் வெயிட் பண்றது?"

வசுமதி கிரேன்காரரைப் பார்த்தார். "பையா, காஃபி பியோகே?"

அவர் காபி குடித்து முடிக்கும்வரை கெடு என்று தீர்ந்தது. வசுமதியின் கணவர் சந்திரமௌலி நீட்டிய டம்ளரைத் தொட்ட கிரேன்காரர் விரலை உதறினார். டவராவில் ஆற்றிக் குடிக்கும் கலையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வசுமதி பானெட்டைத் திறந்தார். வங்கிச் சுற்றறிக்கையைப் படிக்கிற மாதிரி காரோடு வந்த கையேட்டை வரிவரியாகப் படித்திருந்தார். ஹாரன் அடித்தது, ஆகவே பேட்டரி குற்றவாளி இல்லை. ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்த்தார், ஒன்றும் எரிந்திருக்கவில்லை. பல்புகளின் உள்கம்பியும் முழுசாக இருந்தது.

"ரெண்டு பல்பும் ஒரே நாள்ல போகாதும்மா. வயரிங்கே கதம்" என்றான் ஜெயந்த், பாதி சந்தோஷமாக.

"நீ ஸ்விட்சைப் போடு. பேசாதே."

ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரைச் சுற்றி, ஒன்றை பேட்டரியின் நெகடிவில் வைத்தார்; மற்றதை ஹெட்லைட்டுக்கு வரும் வயரில் வைத்தார். சின்ன பல்பு எரிந்தது. மின்சாரம் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. எர்த். கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே கை ரேடியேட்டர் ஓரம் போனது. அங்கே போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கட்டி.

மோந்து பார்த்தார். சந்தனம்.

"ஏன்னா, இங்க வாங்கோ."

சந்திரமௌலி வந்தார். ஆயுத பூஜைக்கு பானெட்டைத் திறந்து, அம்பாள் கண்ணுக்கு எதுவும் தப்பிவிடக் கூடாதென்று கண்ணில் பட்ட போல்ட்டுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பவர் அவர்தான். பதினைந்து பூஜை. துளித்துளியாய் உள்ளே இறங்கிய சந்தனத்தின் ஈரத்தில் போல்ட் துருவேறிப் பூத்துக் கிடந்தது.

"பக்திதானே" என்றார் மெதுவாக.

"ஆமாம். உம்மாச்சி கரண்டை நிறுத்திட்டார். ஸ்பேனரை எடுங்கோ."

கிரேன்காரர் கடைசி மடக்கில் இருந்தார். வசுமதி போல்ட்டைக் கழற்றி, சமையலறைக் கத்தியால் இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, வயரை வைத்து முறுக்கினார்.

"போடுடா ஸ்விட்சை."

எதிர்ச் சுவர் மஞ்சளாயிற்று. கிரேன்காரர்தான் முதலில் கை தட்டினார். "வாஹ், மாதாஜி!" ஜெயந்துக்கு அது அவ்வளவு ரசிக்கவில்லை.

வசுமதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவனை இறக்கிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தார்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"கிட்வாய் நகர்."

"அங்க யாரு?"

"யாருமில்லே. லைட் எரியறதோல்லியோ, ஒரு சுத்து போயிட்டு வரேன்."

முன்னால் கிரேன் சந்தில் வழியை மறித்து நின்றது. வசுமதி ஹாரன் அடிக்கவில்லை. ஹை பீமைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருந்தார். பனிக்குள் கிரேன் பீப் பீப்பென்று சந்து முழுக்கப் பின்னாலேயே போயிற்று.