சூசையை ரெகே வாசித்துக் கொண்டுபோனோம்

இன்னாசியண்ணா, சாவு வீட்டில் கூத்தடித்தோம் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிவது சரியில்லை. செத்தவன் உங்கள் தம்பிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவன் நான். நீங்கள் அவனிடம் சொன்னதெல்லாம் "சத்தத்தைக் கொறடா" என்பதுதான். நீங்கள் எதிரில் இல்லாததால் தைரியமாக எழுதுகிறேன். சூசையை அறிந்தவர்கள் படித்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று சொல்லட்டும்.

சேதி வந்தபோது சூலூர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். சூசையின் மனைவி பிலோமினாவின் போன். சூசையின் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது, அவள் போனில்தான் கூப்பிடுவான். எடுத்ததும், "ஏனுங் மாப்ள, இன்னைக்கு எந்தப் பழைய சாமான்காரன் உங்களை ஏமாத்துனான்?" என்றேன். "அண்ணா, அவரு போயிட்டாருங்க" என்றாள் பிலோமினா. தக்காளியை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

கோயமுத்தூரில் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டியவன் சூசை. ஊட்டி, குன்னூர் பங்களாக்களைக் காலி செய்யும்போது சாமான்கள் லாரியில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போவான். மற்றவர்கள் பீரோவைத் தட்டிப் பார்ப்பார்கள், இவன் ரெக்கார்டு தேடுவான். ஒருநாள் ஒரு சாக்கு நிறையச் சின்ன ரெக்கார்டுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் நடுவில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"நடு ஒடைஞ்சு போனதுங்க, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

"தோட்டத்துல கட்டித் தொங்கவுட்டாக் குருவி வராதுங்க மாப்ள" என்றேன் நான்.

அவை உடைந்தவை அல்ல. ஜமைக்காவில் அடித்தவை, ஓட்டையே அவ்வளவு பெரிதுதான். மறுநாள் சூசை பம்ப்புக்குப் புஷ் வளையம் கடைவதுபோலப் பித்தளையில் ஒரு வட்டு கடைந்து, ஓட்டையில் பொருத்திச் சுற்றவிட்டான்.

அந்த ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டை நான் முதலில் கேட்டது அன்றுதான். "கிட்டார்க்காரனுக்குத் தாளமே தெரியலீங்க. அடி உழுந்த பொறகு வாரான்" என்றேன். சூசைக்குக் கோபம் வரவில்லை. "அடி உழாத எடத்துலதானுங்க மாப்ள பாட்டே இருக்குது. வாயை மூடிட்டுக் கேளுங்க" என்றான். கேட்டேன். பிடிக்கவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன், என் கால்தான் காட்டிக்கொடுத்தது.

அமெரிக்கக் கறுப்பர்கள் பாடும் சோல் ரெக்கார்டுகளும் அவனிடம் உண்டு. "இவங்கெல்லாம் கோயில்ல பாடிப் பழகுனவங்க. பங்குச் சாமியாருக்கு ஞானப்பாட்டு, எனக்குக் காதல் பாட்டு" என்பான். எனக்கு ஒரு வார்த்தை விளங்காது, நான் படித்தது ஐந்தாவது. அவனுக்கும் விளங்காது என்பது வேறு விஷயம். ஆனால் ரெக்கார்டு சுற்றும்போது பேசினால் காப்பி கிடையாது. பிலோமினா கொண்டுவந்த காப்பியை, நான் வாயைத் திறந்ததற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன், அண்ணா. தன்னைக் கொண்டுபோகும்போது தன் பாட்டுத்தான் வேண்டும் என்று சூசை பிலோமினாவிடம் சொல்லியிருந்தான். நீங்கள் வழக்கமான பேண்டைப் பேசிவிட்டீர்கள். "சாவு ஊட்ல என்ன டான்ஸ் பாட்டு? சனம் சிரிக்கும்" என்றீர்கள். ரெக்கார்டை வேனில் வைத்து ஓட்டினால் ஊசி குதிக்கும் என்றும் சொன்னீர்கள். அது உண்மைதான்.

பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த பிலோமினா அழுகையை நிறுத்தினாள். "அப்ப நான் வரலீங்க. நீங்களே கொண்டுபோங்க" என்றாள்.

யாருக்கும் பெட்டியில் கை வைக்கத் தைரியம் வரவில்லை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பேண்ட் மாஸ்டர்தான் எழுந்து உள்ளே வந்தார். "அது என்ன பாட்டுன்னு போடுங்க, காதுல வாங்கிக்கறேன்" என்றார். வார்த்தையே இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் பாடும் ஒரு ஜமைக்கா ரெக்கார்டை எடுத்தேன். வட்டைப் பொருத்திச் சுற்றவிட்டேன். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். பிறகு தன் ட்ரம்பெட்டை எடுத்து மெதுவாக ஊதினார். மேளக்காரர் பழக்கத்தில் நேராக அடித்தார். "அங்க இல்லீங்க, அதுக்கு அக்கட்ட தள்ளி அடிங்க" என்றார் மாஸ்டர்.

அக்கட்ட அடித்தார். பிலோமினா செருப்பை மாட்டினாள்.

கடைவீதியில் நாங்கள் திரும்பியபோது கல்லாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அப்படியொரு ஊர்வலத்தைச் சூசை எந்த ராஜாவுக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டான். பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்தது நீங்கள், அண்ணா. அந்தத் தோள் மேள அடிக்கு ஏற்ப ஏறி இறங்கியதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். கோயில் வாசலில் சாமியார் பாட்டு முடியும்வரை காத்து நின்றார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிலோமினா ஒரு சோல் ரெக்கார்டைப் போட்டுவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போனாள். நீங்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு, "ஏனுங்க, என்ற தம்பி உங்களுக்கு என்னத்த வுட்டுட்டுப் போனான்?" என்றீர்கள்.

"ரெக்கார்டு ஒண்ணுகூட நான் கேக்கலீங்ணா. அல்லாம் பிலோமினாகிட்டயே இருக்கட்டும். பக்கத்துல உக்காந்து பேசாமக் கேக்கறதுக்கு என்னைப் பழக்கிப்போட்டான். அது போதும் எனக்கு. இன்னொண்ணு என்னன்னா…"

"பாட்டு முடிஞ்சுபோச்சு, இருங்க" என்று எழுந்து, ரெக்கார்டை மறுபக்கம் திருப்பிப் போட உள்ளே போய்விட்டீர்கள்.