ஒழுகும் சுவரில் ஒரு முகம்

மலேசியாவில், ஈப்போ நகருக்கு வெளியே இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவரோவியம் வரையும் ஏற்பாடுகளை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அனுமதிக் கடிதம், சாரம், சாயம், ஓவியர் எல்லாம் என் பொறுப்பு. அங்கே பாதிப் பேர், விற்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பழைய தோட்டத்தையே வரைவதென்று குடியிருப்பாளர் கூட்டத்தில் முடிவானது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஓர் அக்கா வந்தார். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவர்.

"தம்பி, சுவத்துல வரையப்போற பால் வெட்டுறவங்கள்ல ஒருத்தருக்கு எங்க வீட்டுக்காரர் மொகத்த வைக்கலாமா? அவரு போய் ஆறு வருசமாச்சு."

"போட்டோ இருக்காக்கா?"

"வீடு மாறுறப்ப பெட்டியோட போச்சு. ஐ.சி. அடையாள அட்டையையும் செத்தப்ப ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. நான் சொல்றேன், வரைங்க."

நான்கு நாள், வேலை முடிந்ததும் சீருடையோடு சாரத்தின் அடியில் வந்து நின்று திருத்தம் சொன்னார். மூக்கு இன்னும் அகலம். மீசை இவ்வளவு அடர்த்தி இல்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டு. பினாங்கிலிருந்து வந்திருந்த ஓவியர் சலிக்காமல் மாற்றினார். நான்காம் நாள் மாற்ற வேண்டியது எதுவும் மிஞ்சவில்லை. அக்கா தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடியேறிவிட்டார்.

மழைக்காலத்தில் அந்த முகம் உப்பியது. சுவருக்குள் போகும் பைப் ஒழுகியிருக்கிறது. கசிவு தெரியாமல் காய்ந்திருந்த வெயில் மாதத்தில் சுவரைப் பார்த்து, சரியென்று எழுதிக் கொடுத்தவன் நான். மேல்மாடிக்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை.

குடியிருப்பு நிர்வாகத் தலைவரிடம் போனேன். "அது கட்டடம் கட்டினவன் பொறுப்புலா," என்றார். கட்டிய நிறுவனத்தை மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பைப் வேலை செய்பவரை அழைத்து வந்தேன். இரண்டு வீட்டுக் குளியலறைகளை உடைக்க வேண்டும் என்றார். ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். இன்னொன்று பூட்டிக் கிடந்தது; சொந்தக்காரர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஓவியர் மறுபடி வந்து வரைந்தார். மூன்று வாரத்தில் காரையோடு உரிந்தது. முதலில் புருவம், பிறகு ஒரு கண். ஒரு காலை, அக்கா துணியால் ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்கக்கா, இன்னும் உரியும்."

"பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியலயே தம்பி."

சுவர் உப்பும் முன்பே நான் எடுத்திருந்த அந்த முகத்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

"நல்லாருக்கு. ஆனா அங்க ஆள் ஒசரத்துக்கு நின்னாருல்ல. வேலைக்குப் போறப்ப, வாரேன்னு சொல்லிட்டுப் போவேன்."

காரை யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று நிர்வாகம் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க முடிவு செய்தது. ஆபத்து உண்மைதான். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

சுவரைச் சுரண்டிய அன்று அக்கா லீவு எடுத்திருந்தார். ஆட்கள் சுரண்டி முடிக்கும்வரை இருவரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம்.

"சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.