நித்திரையிலிருந்த கணினியை எழுப்ப மறுத்த நாள்

அன்று கடையில் இருந்தது நான்கு பேர். நான் அண்ணை என்று கூப்பிடுகிற கடைக்காரர். வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த அவருடைய மருமகன். கணவன் செத்து இன்னும் முப்பத்தொரு நாள் ஆகாத ஓர் அம்மா. நான்காவது நான், அங்கே ரைப் அடிக்கிறவள். பிறகு கதை பரவியபோது தாங்களும் நின்றதாகச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் நிற்கவில்லை.

கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கடை. போட்டோக்கொப்பி, விண்ணப்பங்கள், அதோடு கல்வெட்டு. முப்பத்தோராம் நாளன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மா தன் கணவருக்குக் கல்வெட்டு அடிக்க வந்திருந்தா. அவர் வாலிபனாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றுதான் அவவிடம் மிஞ்சியிருந்தது. சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்த அதை ஸ்கேன் பண்ணுவதற்காக மெதுவாகத்தான் உரித்தேன். ஸ்கேன் முடிந்து திருப்பி எடுக்கும்போது முகம் இரண்டாகக் கிழிந்து போயிற்று. ஆகவே அந்த முகம் இப்போது கணினிக்குள் மட்டும்தான் இருந்தது.

முதல் நாள் பின்னேரம் அவ சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் அடித்திருந்தேன். நடுவில் கரண்ட் போய்விட்டது. மேசைக்குக் கீழிருந்த பற்றரிப் பெட்டி கீச்சிடத் தொடங்கியது. புதுப் பக்கத்தை இன்னும் பெயர் வைத்துச் சேமிக்கவில்லை. பெயர் அடிப்பதற்குள் எல்லாம் அணைந்துவிடுமோ என்று பயந்து, சுவிட்சை ஒருமுறை அமுக்கிவிட்டேன். அப்படி அமுக்கினால் அது ஹைபர்நேட்டுக்குப் போகும். திறந்து கிடக்கிற எல்லாவற்றையும் உள்ளே எழுதி வைத்துவிட்டு, முழுதாக நிற்காமல் நித்திரைக்குப் போகும். எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

அடுத்த நாள் நான் வருமுன்பே மருமகன் அதில் கைவைத்திருந்தார். கணக்கு வேலைக்கென்று அதே கணினியில் பழைய சிஸ்டத்துக்குப் பக்கத்தில் வேறொரு சிஸ்டத்தைப் போட்டு, அதற்குள்ளிருந்து பழையது தன் கோப்புகளை வைத்திருக்கும் அறைகளைத் திறந்திருக்கிறார்.

"மற்றது நித்திரையில இருக்கு, அதில எழுதக்கூடாது எண்டு ஸ்கிரீனில சொல்லிச்சுது அக்கா. நான் விடேல்ல. பலவந்தமாத் திறந்து, குப்பையெல்லாத்தையும் அழிச்சு, பட ஃபோல்டரையும் வேற இடத்துக்கு மாத்தினனான்" என்று சிரித்தபடி சொன்னார். "இனிப் பழையதை எழுப்புவம். உங்கட ரெண்டு பக்கமும் அப்பிடியே வரும்."

அவர் கை போவதற்குள் நான் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றேன்.

"தொடாதேங்கோ."

"என்ன பிள்ளை, மறைச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் அண்ணை.

"மாமா, அக்கா பயப்பிடுறா."

"அவள் எப்ப பயப்பிடாமல் இருந்தவள்? அடுப்பை நூத்துப்போட்டு, நூந்ததோ எண்டு பார்க்கப் பாதி வழியில திரும்பிப் போற ஆள்."

உண்மைதான். போகிறேன்தான். அதனால் இன்றுவரை என் வீடு எரியவில்லை.

"இது நேற்றையான் வீட்டை நினைச்சுக்கொண்டு படுத்திருக்கு. நீங்கள் இடையில சாமானெல்லாம் மாத்தி வைச்சிட்டீங்கள். எழும்பி, பழைய நினைப்பில எதுக்கு மேல எழுதும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று மருமகனைக் கேட்டேன்.

"எப்பவும் அப்பிடி நடக்கிறேல்ல அக்கா. சில நேரந்தான்."

"அந்தச் சில நேரம் இண்டைக்கு எண்டால்?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். கணினியின் உட்புறம் எனக்குத் தெரியாது. ஆனால் சண்டை முடிந்து முகாமிலிருந்து நாங்கள் காணிக்குத் திரும்பி வந்த முதல் கிழமையை மறக்கவில்லை. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் சிவப்புத் தடி நட்டு, இதற்கு அங்கால் போகாதேங்கோ என்றார்கள். "என்ர கிணறு எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியாதோ?" என்று சொல்லிவிட்டு, பெரியப்பா வாளியோடு பழைய பாதையால் போனார். கிணறு அவர் நினைத்த இடத்தில்தான் இருந்தது. பாதைதான் அவர் நினைத்த பாதையாக இருக்கவில்லை. இப்போது ஒற்றைக்காலில் நிற்கிறார். நாங்கள் இல்லாத நேரத்தில் இன்னொருவர் கைபட்ட நிலத்தில் ஞாபகத்தை நம்பிக் கால் வைக்கக்கூடாது. இதைப் படிக்க எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

கதிரையில் இருந்த அம்மா நிமிர்ந்தா.

"பிள்ளை, எனக்கு விளங்கச் சொல்லு. எழுப்பினா என்ன, விட்டா என்ன?"

"எழுப்பினா நீங்கள் சொன்ன ரெண்டு பக்கமும் வரலாம். ஆனா ஐயாவின்ர படம் பழுதாப் போகவும் கூடும். எழுப்பாமல், நித்திரையைக் கலைச்சுப்போட்டுப் புதுசாத் துவங்கினா ரெண்டு பக்கமும் போயிடும். படத்தை முதலே வெளியில எடுத்து வைக்கலாம்."

அவ முந்தானையைப் பிசைந்தா. அந்த இரண்டு பக்கத்தையும் சொல்லும்போது எத்தனை தரம் நிறுத்தி அழுதா என்பது எனக்குத் தெரியும். இன்னொரு முறை சொல்லச் சொல்லி எப்படிக் கேட்பது?

"படத்தை எடு. எனக்கு வாய் இருக்கு" என்றா.

அந்தப் படத்தோடு மற்றவர்கள் தந்த வேலைகளும் அதே அறைகளில்தான் கிடந்தன; எல்லாவற்றையும் கொள்ளும் அளவுக்குக் கடையில் டிஸ்க் இல்லை. எங்களுக்கு எதிரே இருந்த கடையில் ஒன்று இருந்தது. விலையைக் கேட்டதும் அண்ணை குதித்தார்.

"உன்ர பயத்துக்கு நான் காசு குடுக்கிறதோ? சம்பளத்தில கழிப்பன்."

"கழியுங்கோ."

மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தார், ஆனால் ஒழுங்காகச் செய்தார். பழைய அறைகளைப் பார்க்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று பூட்டிவிட்டு, எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணினார். படத்தைத் தன் மடிக்கணினியில் திறந்து காட்டினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து அந்த மனிதர் சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் நான் சுவிட்சை விட்டு விலகினேன். நித்திரையில் வைத்திருந்த நினைவை அழித்துவிட்டுப் பழைய சிஸ்டத்தைப் புதிதாகத் துவக்கினோம். அது தன்னைத் தானே சோதித்து, சில இடங்களைத் திருத்தி, எழும்பியது. இரண்டு பக்கமும் இல்லை.

"சும்மா எழுப்பியிருந்தாலும் ஒண்டும் நடந்திருக்காது அக்கா" என்றார் மருமகன்.

இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க அந்த அம்மாவின் கணவருடைய முகம்தானா கிடைத்தது?

அவ மீண்டும் சொல்லத் தொடங்கினா. முதல் நாள் அன்பான கணவர், பாசமிகு தந்தை என்றெல்லாம் சொன்னவ, இந்த முறை அழவில்லை. அவர் கோபத்தில் சோற்றுக் கோப்பையைக் குசினிச் சுவரில் எறிந்ததையும், அடுத்த நாள் கடைக்குப் போய் அதே நிறத்தில் கோப்பை தேடி அலைந்ததையும் சொன்னா.

"உதெல்லாம் கல்வெட்டில போடுறேல்ல அம்மா" என்றார் அண்ணை.

"என்ர மனுசன். நீ எழுது பிள்ளை."

எழுதினேன். முதல் வரிக்கு முன்பே பெயர் வைத்துவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் சேமித்தேன். இப்போது சிஸ்டத்தில் யாராவது கைவைக்க வந்தால், முழுதாக நிறுத்திவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

டிஸ்க்கின் விலையை அண்ணை மாதாமாதம் கழிக்கிறார். இன்னும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா பாக்கி.