ஆற்று முகத்துவாரத்தில் பெரியப்பா

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு ஜாம்பியாவிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அங்கே அவர் ஆற்றில் மீன் பிடிப்பவர் என்பதால், அப்பா எங்களையெல்லாம் பாலாற்று முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனார். எதிர்க்கரையில் கூழைக்கடாக்கள் நின்றன. பெரியப்பா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்க நீர்யானை பக்கத்துலயே படகு போகும். இதெல்லாம் ஒரு ஆறாடா?"

அப்பாவின் தூண்டிலில் மடவை ஒன்று சிக்கியது. அவர் பிடித்த முதல் மீன்.

"அண்ணா, இங்க பாருங்க."

"இது இரைக்குத்தான் ஆகும். தூக்கிப் போடு."

அப்பா சிரித்துக்கொண்டே அதைத் தண்ணீரில் விட்டார். திரும்பும் வழியில் புதுப்பட்டினத்தில் வஞ்சிரம் வாங்கினோம். பெரியப்பா ருசித்துச் சாப்பிட்டார்.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் அம்மா, சமையலறையில்.

"அண்ணன்தானே, விடு."

பெரியப்பா ஊருக்குக் கிளம்பியபோது மீனம்பாக்கம் வரை அப்பாதான் பெட்டியைச் சுமந்தார். வழியனுப்ப நான் போகவில்லை.