மூன்றாவது அறையில் காவிரி

“ஆடி 17. பேட்டரியில் மூன்றாவது அறை மட்டும் இறக்கம்” என்கிறது அப்பாவின் நோட்டு. இன்று என் பழைய ஜீப்பின் பேட்டரியைச் சார்ஜில் போட்டதும் எழுந்த ஆசிட் நெடி, இப்போது இல்லாத எங்கள் டிராக்டர் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போனது: திறந்த ஆறு மூடிகள், ஓயாத குமிழிச் சத்தம், வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் நிற்பதற்குள் உழ வேண்டுமே என்று, ஆசிட்டின் அடர்த்தி காட்டும் மிதவைக் குழாயை ஒவ்வோர் அறையிலும் விட்டுப் பார்க்கும் அப்பா.

பேட்டரியில் ஊற்றக் கடையில் வாங்கும் வடிநீர் தீர்ந்திருந்தது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று குடத்தில் கொண்டுவந்த ஆற்றுநீரை அத்தை அந்த மூன்றாவது அறையில் ஊற்றிவிட்டார்.

“என்னத்தம்மா ஊத்துனே?” என்றார் அப்பா.

“காவிரித் தண்ணிண்ணே. அதைவிடச் சுத்தமாவா கடையில விக்கிறான்?”

டிராக்டர் கிளம்பவில்லை. பழி இன்றுவரை அத்தை மேல்தான். அறை முந்தின நாளே இறங்கியிருந்ததே என்று அத்தையிடம் சொல்லப் போனை எடுத்தேன். ஆனால் நோட்டில் 17-இல் நான் ஏழென்று படித்த இலக்கத்தின் பாதியை ஆசிட் அரித்திருக்கிறது. ஒன்பதாகவும், அதாவது பெருக்குக்கு மறுநாளாகவும் இருக்கலாம்; இன்னும் உறுதியாகவில்லை.