மச்சினனுக்கும் அதே கேள்வி

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மழை வருவதுபோல் மூடிக்கொண்டு, பெய்யாமல் போன வானம். கடற்காற்று இல்லை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய தூசி அப்படியே நின்றது. அந்த நேரத்தில்தான் முதலாளியின் மச்சினன், பதினொரு பேர் பார்க்க, என்னைத் திருடன் என்று சொல்லாமல் சொன்னான்.

துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. நான் கணக்குப் பிரிவு. எண்ணூர் லாரிக்காரருக்குப் போகவேண்டிய மூன்று லட்சத்து அறுபதாயிரம் யாரோ ஒரு மோசடிக்காரனுக்குப் போய்விட்டது. 'எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது' என்று லாரிக்காரர் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை எங்களில் ஒருவர் நம்பியிருந்தார். பணம் அனுப்பியது என் பெயரில் பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் நான் ராயபுரத்தில் கண் மருத்துவரிடம் இருந்தேன். மருந்துச் சீட்டை நீட்டினேன். ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

"இன்னா பெருசு, கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா? உன் பேருதான கீது" என்றான் மச்சினன்.

பெயர் இருக்கத்தான் செய்யும். எல்லோருடைய கடவுச்சொற்களும் ஒரே தாளில், பிள்ளையார் காலண்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்தன. அவசரத்துக்கு யாரும் யார் பெயரிலும் உள்ளே போகலாம். "நம்ம பயலுவதான" என்பார் முதலாளி. முப்பத்தொரு வருட வேலைக்குப் பிறகு எனக்குக் கழிவறைக்குப் பக்கத்தில், பழைய கோப்புகள் நடுவே ஒரு நாற்காலி கிடைத்தது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் மச்சினன் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

நஷ்டத்துக்குப் பயந்து முதலாளி ஒரு பாதுகாப்பு நிபுணரை அழைத்துவந்தார். அந்தப் பெண் முதலில் காலண்டரைக் கழற்றித் தாளைக் கிழித்தார். "இதற்குப் பெயர் ஜீரோ ட்ரஸ்ட். உள்ளே வேலை செய்பவர் என்பதற்காக யாரையும் நம்பக் கூடாது. ஆள் யார், எந்தக் கருவி, எந்த வேலை என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். முதலாளி வீட்டு ஆளாக இருந்தாலும்" என்றார்.

கடைசி வாக்கியம் எனக்குத் தேனாக இருந்தது.

இனி ஒருவர் பணம் அனுப்பினால், இன்னொருவர் தன் கைபேசியில் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு யாரும் முன்வரவில்லை. நான் கையைத் தூக்கினேன். "சூடு கண்ட பூனை, சரியா பாக்கும்" என்று முதலாளி ஒப்புக்கொண்டார். என்னிடம் இருந்தது பொத்தான் போன். அன்று மாலையே காலடிப்பேட்டையில் புதிய போன் வாங்கினேன்.

அதன்பின் மச்சினன் பணம் அனுப்பும்போதெல்லாம் என் சட்டைப்பை அதிரும். நான் டீயை முழுதாகக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, கண்ணாடியைத் துடைத்து, வங்கிக் கணக்கு எண்ணை இரண்டு முறை படித்த பிறகே அனுமதிப்பேன். அவன் என் மேசையருகே நின்று பல்லைக் கடிப்பான். நிற்கட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வள்ளூரிலிருந்து அழைத்தான். அன்றே கட்டணம் கட்டாவிட்டால் ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில் தங்கிவிடும். நான் எழுந்து முதலாளி அறைக்குப் போய், அவர் மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"பெருசு, என் போனு செத்துப்பூச்சு. தோஸ்து போன்ல கீறேன். சட்டுனு ஓகே குடு."

"அது பதிவு பண்ணாத போன். தர முடியாது."

"யோவ், நான்தான்யா! என் கொரலு தெரியல?"

"குரலை வெச்சு எப்படி நம்பறது? லாரிக்காரர் பேரைச் சொல்லிக்கூட ஒருத்தன் வந்தானே."

"பேஜாரு பண்ணாத. முன்னெல்லாம் உன் பேர்லயே தொறந்து அனுப்சிட்டுப் போய்கினே இருப்பேன். அந்த லாரிக்காரன் துட்டகூட அப்டித்தான அனுப்சேன்! இப்ப உன் கால்ல வுயணுமா?"

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். "ஏல, யாரு பேருல அனுப்புன? இன்னொருக்கா சொல்லு."

அவன் அழைப்பைத் துண்டித்தான்.

மறுநாள் காலை அதே பதினொரு பேர் முன்னால் அவன் நின்று, "என் தப்புதான் சார்" என்றான். சரியாகக் கேட்கவில்லை என்றேன். மறுபடி சொன்னான். மூன்றாவது முறையும் சொல்லவைத்தேன்.

என் பழைய இருக்கை திரும்பக் கிடைத்தது. போனுக்கான பணத்தை முதலாளி தரவில்லை; நானும் கேட்கவில்லை. அது என் சொந்தச் செலவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உறையோடு சேர்த்து, பதினோராயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.