கடத்தூருக்கு நான் சுமந்து போன செஸ் ஆட்டம்

எண்பதுகளின் நடுவில் நான் தர்மபுரி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். எஸ்.டி.டி. வசதியெல்லாம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். கடத்தூரோ பென்னாகரமோ, யார் மெட்ராஸுக்குப் பேச வேண்டுமானாலும் எங்கள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். லைன் கிடைத்ததும் நாங்கள் விலகிவிட வேண்டும், பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. நானும் விலகுவேன். கொஞ்சம் மெதுவாக விலகுவேன், அவ்வளவுதான். வயது இருபத்தாறு. ஊர் விஷயம் பூராவும் என் காதில்தான் என்று ஒரு திமிர் வேறு.

கடத்தூரில் ஒரு புளி மண்டி. முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தினமும் காலையில் சேலத்து விலை கேட்க லைன் போடச் சொல்வார். தன்மையான மனுஷர். அந்த மாதம் அதே நம்பரிலிருந்து புதிதாக ஒரு பெண் குரல் வர ஆரம்பித்தது. அவருடைய மகள். மாலை நாலரைக்கு மேல் மெட்ராஸுக்கு லைன் கேட்பாள். "அத்தா தொழுகைக்குப் போயிருக்காங்க, சீக்கிரம் போட்டுக் குடுங்கக்கா" என்பாள். அது ஒன்றே போதாதா எனக்கு?

கேட்டேன். அந்தப் பக்கம் பேசியதும் ஒரு பெண்தான். ஆனால் பேச்சா அது? "இ நாலு, சி அஞ்சு, எஃப் மூணு" என்று அவள் சொல்லச் சொல்ல இவள் எழுதிக்கொள்வாள். நடுநடுவே "இன்னிக்கு அவளுக்கு அரை, இவளுக்கு ஒண்ணு" என்று வேறு. மூன்று நிமிடமும் இதேதான்.

நம்பர் சீட்டு என்கிற சூதாட்டம் ஊரையே ஆட்டிப் படைத்த நேரம் அது. எங்கள் வீட்டிலேயே ஒருவர் அதில் விழுந்து, குடும்பமே தலை நிமிர முடியாமல் கிடந்தோம். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை, நேராக முடிவுக்கே போய்விட்டேன். ஒரு நாள் மாலை வழக்கத்தைவிட நீளமாக எழுத்தும் எண்ணும் ஓடின. கடைசியில் இந்தப் பெண், "நாளைக்குக் கவர் பிரிச்சதும் ஒடனே கூப்புடு, எனக்குத் தூக்கமே வராது" என்றாள். கவர் பிரிப்பதாமே!

மறுநாள் காலை பாய் சேலம் கேட்டார். லைன் கிடைப்பதற்குள் நானே ஆரம்பித்தேன். "பாய், தப்பா நெனைக்காதீங்க. நீங்க தொழுகைக்குப் போற நேரமாப் பாத்து உங்க பொண்ணு மெட்ராசுக்கு நம்பர் சீட்டுப் பேசுது. நல்ல குடும்பம், பாத்துக்குங்க."

சூது என்றால் அந்தத் தெருப் பக்கமே போகாத மனுஷர். "சேலம் வேணாங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு நான் டீ குடிக்கப் போனேன்.

மூன்று மணி வாக்கில் மெட்ராஸிலிருந்து அதே பெண் கடத்தூர் கேட்டாள். பாய்தான் எடுத்தார். மெட்ராஸ் என்றதுமே வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். மறுபடி வைத்தார். அந்தப் பெண் அழாத குறையாக என்னிடம் கெஞ்சினாள். "அவகிட்ட நீங்களாவது சொல்லிடுங்க மேடம். கவரைப் பிரிச்சுட்டாங்க!"

எனக்குக் கோபம் வந்தது. என்ன கவர் என்று அதட்டினேன். அவள் சொன்னாள். ஐரோப்பாவில் எங்கேயோ எட்டுப் பெண்கள் செஸ் ஆடுகிறார்கள். ஜெயிப்பவள்தான் உலக சாம்பியனை எதிர்த்து ஆடப் போகிறவள். இவளும் பாய் மகளும் ஒரே ஹாஸ்டலில் படித்தவர்கள். இவளுக்கு இப்போது ஒரு பத்திரிகை ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. அங்கே வரும் ஆட்டங்களை எழுதி வைத்துத் தோழிக்குப் படித்துக் காட்டுகிறாள். மண்டி போனை விளையாட்டுக்குத் தொடுவதா என்று அத்தா கேட்பாரோ என்ற பயத்தில், பாய் மகள் அவர் இல்லாத நேரமாகப் பார்த்திருக்கிறாள். நேரம் முடிந்தும் தீராத ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, அடுத்த காய் எங்கே என்று ஆடுகிறவள் ஒரு தாளில் எழுதிக் கவரில் ஒட்டிக் கொடுத்துவிடுவாளாம். அதை மறுநாள்தான் பிரிப்பார்களாம். கடைசிச் சுற்றில் மற்ற எல்லா ஆட்டமும் முடிந்து, இது ஒன்றுதான் பாக்கி. பாய் மகளுக்குப் பிடித்தவள் அரைப் புள்ளி பின்னால் இருக்கிறாள். ஜெயித்தால் முதலிடம். கவருக்குள் எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் யானையைத்தான் நகத்துவான்னாங்க மேடம். அவ ராஜாவ நகத்தியிருக்கா!"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. பேப்பரை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல அத்தனையும் எழுதிக்கொண்டேன். இருபத்து இரண்டு நகர்த்தல்கள், முடிவு உட்பட. பாய்க்கு லைன் போட்டு "நாந்தாங்க…" என்றதும், "போதுங்கம்மா, நீங்க சொன்ன வரைக்கும் போதும்" என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஃபாதரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது சுலபம். இவரிடம் என்னவென்று சொல்வது?

டியூட்டி முடியும் முன்பே பர்மிஷன் போட்டு, நாலு மணிக்குக் கடத்தூர் பஸ் ஏறினேன். கையில் அந்தப் பேப்பர். அந்த பஸ் நின்ற ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் டிரைவரை மனதுக்குள் திட்டினேன்.

மண்டியில் பெண்கள் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஜை மேல் போன் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. "பாய்" என்று நான் கூப்பிட்டதுமே அவருக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் மாறியது.

"அது சூது இல்லீங்க பாய், செஸ்ஸு ஆட்டம். வெளிநாட்டுல ஆடறத உங்க பொண்ணு கேட்டு எழுதியிருக்குது. நாந்தான் ஒட்டுக் கேட்டு, தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "அவளும் காலைலருந்து இதத்தான் சொல்லி அழுவுறா. பெத்த பொண்ணு சொல்லி நான் நம்பல. ஆபீஸ்ல இருக்கறவங்க நீங்க சொன்னீங்கன்னு நம்புனேன்."

பளாரென்று அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். வீங்கின கண்களோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் கையிலிருந்த பேப்பரைத்தான் பார்த்தாள்.

"கவர் பிரிச்சாச்சுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். பாய் கையமர்த்தினார். "முடிவ மட்டும் சொல்லிராதீங்க. அவ ஆடிப் பாக்கட்டும், நானும் பாக்கணும்."

ஸ்டூல் மேல் செஸ் பலகை வந்தது. முந்தின நாள் ஆட்டம் நின்ற நிலையில் காய்களை அடுக்கினாள். நான் படிக்கப் போனபோது அவள் தயங்கித் தயங்கி, "அத்தா, காலைல எங்கிட்டருந்து வாங்கினீங்களே, அந்தச் சீட்டு" என்றாள். பாய் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சூதாட்டச் சீட்டு என்று அவர் பிடுங்கி வைத்திருந்த துண்டுத் தாள் அது. கவருக்குள் என்ன இருக்கும் என்று முந்தின நாளே அவள் யோசித்து எழுதியதாம். பாய் அதை என் பேப்பரின் முதல் வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்தும் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. ராஜா, எஃப் மூணு.

பாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த ஊருல ஒக்காந்து ஒரு பொம்பள நெனச்சத, இங்க புளி மண்டில ஒக்காந்து நீ நெனச்சியா?" என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் படித்தேன். கொட்டை எடுத்த பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து நின்றார்கள். எதிராளி யானையை வைத்து ராஜாவை விடாமல் துரத்தினாள். பாய் மகள் தாவணி முனையைக் கடித்தாள். "இப்ப யாருக்கும்மா நல்லாருக்குது?" என்று பாய் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு முடிவு தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, காதில் விழுந்த ஒன்றை முக்கால் மணி நேரம் வெளியே விடாமல் வைத்திருந்தேன்.

இருபத்து இரண்டாவதைப் படித்ததும் அவள் காயை வைத்தாள். பலகையையே பார்த்தாள். பிறகு ஸ்டூல் ஆட எழுந்து, "ஜெயிச்சுட்டா அத்தா!" என்று கத்தினாள். செஸ் என்றால் என்னவென்றே தெரியாத அத்தனை பெண்களும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், அழுதுகொண்டே. பாய் இடுப்பிலிருந்து போன் பெட்டிச் சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. இப்போதும் யாரைப் பற்றியாவது ஏதாவது காதில் விழுந்து, அதை இன்னொருவரிடம் சொல்ல வாய் துறுதுறுக்கும்போதெல்லாம், பாய் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்த அந்தத் துண்டுத் தாள் கண் முன்னால் வந்து நின்று என் வாயை அடைத்துவிடுகிறது.